வில்லுக்கு எந்த மரம்? பாலக்காட்டுக் கணவாய் ஓரத்தில் கிடைப்பவற்றைச் சோதித்துப் பார்க்கும் விதம்

ஒரு மரம் வில்லுக்கு ஆகுமா என்று கேட்டால், "நல்லா வைரம் பாய்ஞ்ச மரம்ங்க, தாராளமா ஆகும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். உலக்கைக்கும் செக்குக்கும் அந்தப் பதில் போதும். வில்லுக்குப் போதாது. அடி தாங்குவது ஒரு குணம், வளைந்து பழைய நிலைக்குத் திரும்புவது வேறொரு குணம். ஊரில் உலக்கை எந்த மரத்தில் செய்கிறார்கள் என்று கேட்பதைவிட, தோளில் சுமை தூக்கும் காவுதடிக்கும் கோடாலிக் காம்புக்கும் எந்த மரத்தைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் வரும் மரம் சோதித்துப் பார்க்கத் தகுதியானது.

இங்கே எடுத்துக்கொள்வது பொள்ளாச்சி, ஆனைமலை முதல் எல்லை தாண்டி மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வரையுள்ள பகுதி. வீட்டுத் தோட்டத்திலோ மரக்கடையிலோ இங்கே கிடைக்கக்கூடியவை கல்மூங்கில், பாக்கு, பனை, சடச்சி, தேக்கு. செய்யப்போவது 170 செ.மீ. நீளமுள்ள வில், 70 செ.மீ. இழுப்பில் சுமார் 15 கிலோ வலு. பழகுவதற்கு இது போதும். அதைவிட வலுவான வில்லை முதல் முயற்சியிலேயே செய்யப் பார்த்தால் முறிவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

புறமும் அகமும்

நாணை இழுக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் முகம் இழுபடுகிறது. அவர் பக்கம் இருக்கும் முகம் நசுங்குகிறது. முதலாவதைப் புறம் என்றும் இரண்டாவதை அகம் என்றும் வைத்துக்கொள்வோம். புறத்தில் நார் அறுந்தால் வில் ஒரே சத்தத்தில் முறியும். அகம் தாங்காவிட்டால் முறிவதில்லை, கூன் விழும்: நாணைக் கழற்றிய பிறகும் வில்லின் கைகள் (பிடிக்கு இரு பக்கமும் வளையும் பகுதிகள்) வளைந்தே நிற்கும். நாளடைவில் அகத்தில் குறுக்காக மயிரிழை போன்ற நெரிவுக் கோடுகள் தோன்றும். நடுப்பகுதிக்கு இழுப்பும் இல்லை, நசுக்கும் இல்லை.

தொல்காப்பியத்தின் மரபியல், காழ் (வைரம்) வெளிப்புறம் உள்ளதைப் புல் என்றும் உட்புறம் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. பனை, பாக்கு, தென்னை, மூங்கில் எல்லாம் அந்தக் கணக்கில் புல். வில் செய்பவருக்கு இதைவிட உதவும் பாகுபாடு கிடையாது. புறக்காழ் உள்ளவற்றில் பலமான நார் பட்டைக்கு அடியிலேயே தொடங்கி உள்ளே போகப் போகக் குறையும். எனவே செடியின் வெளிமுகமே வில்லின் புறமாக வேண்டும். அகக்காழ் உள்ளவற்றில் வெளியே வெள்ளை, உள்ளே வைரம். எதைப் புறமாக வைப்பது என்பதை மரத்துக்கு மரம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வனமல்லாத நிலத்தில் வளரும் மூங்கிலை இந்திய வனச் சட்டத்தின் 'மரம்' என்ற வரையறையிலிருந்து 2017இல்தான் நீக்கினார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

மரத்தின் பெயரைவிடக் கையில் இருக்கும் குச்சியைக் கேளுங்கள்

ஒரே தோப்பில் அடுத்தடுத்து நின்ற இரண்டு மரங்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் வில்லைச் செதுக்குமுன் அந்தக் கட்டையிலிருந்தே நான்கு குச்சிகள் எடுத்துச் சோதிக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்து எடுக்கக் கூடாது. பிளந்து எடுத்து, பிறகு இழைத்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றும் 60 செ.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன். தடிமனை வெர்னியரால் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே அரை மி.மீ. பிசகினாலே கணக்கு ஆறில் ஒரு பங்கு தவறிவிடும்.

இரண்டு ஸ்டூல்களை வைத்து, இடையே சரியாக 50 செ.மீ. இருக்கும்படி, நான்கில் இரண்டு குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிடத்துங்கள். வில்லின் புறமாகப் போகும் முகம் கீழே இருக்கட்டும், ஏனென்றால் இந்த நிலையில் இழுபடுவது அடிமுகம்தான். நடுவில் அகலமான நாடா போட்டு வாளியைத் தொங்கவிடுங்கள். மெல்லிய கம்பியில் தொங்கவிட்டால் அது குச்சியை வெட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும். வாளியின் எடையைச் சேர்த்து 5 கிலோ வரும்வரை தண்ணீர் ஊற்றி, நடுப்பகுதி எத்தனை மி.மீ. இறங்கியது என்று பாருங்கள். 12 முதல் 16 மி.மீ. இறங்கினால் வழக்கமான வில் மர விறைப்பு. கிலோவை மில்லிமீட்டரால் வகுத்து 30.7ஆல் பெருக்கினால் விறைப்பு கிகா பாஸ்கலில் வரும். 5 கிலோவுக்கு 13 மி.மீ. என்றால் 11.8.

அடுத்தது முக்கியமான படி. குச்சி 33 மி.மீ. இறங்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் 10 முதல் 14 கிலோ வரை பிடிக்கும். இந்த வளைவில் வெளிமுகம் தன் நீளத்தில் 0.8 சதவீதம் நீள்கிறது. நன்றாக இழுத்த வில்லின் கை படும் பாடும் ஏறக்குறைய அவ்வளவுதான். பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு வாளியை எடுங்கள். குச்சி 2 மி.மீ.க்குள் கூன் விழுந்திருந்தால் மரம் நல்லது. 3, 4 மி.மீ. என்றால் வில்லை அகலமாகவும் நீளமாகவும் வைத்துச் சமாளிக்கலாம். 5 மி.மீ.க்கு மேல் போனால் அம்பு வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

மீதி இரண்டு குச்சிகளை முறியும்வரை ஏற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை விலக்கி வைத்துத்தான் செய்ய வேண்டும். முறிந்த எடையை 7.36ஆல் பெருக்கினால் வளைவு வலு மெகா பாஸ்கலில் வரும். 14 கிலோவில் முறிந்தால் 103. அதை விறைப்பால் வகுத்தால் 8.7. இந்த எண் கூடக் கூட, மரம் முறியாமல் அதிகம் வளையும். தேக்குக்கு இந்த எண் 8ஐ ஒட்டி வரும். ஐரோப்பியர்கள் வில்லுக்கென்றே தேடிய யூ மரத்துக்கு 10ஐ ஒட்டியும், அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சுக்கு 11ஐ ஒட்டியும் வரும். எண்ணைவிட முறிந்த வாயைப் பாருங்கள். நீள நீளமாகச் சிம்பு பிரிந்து, துடைப்பம்போல் நின்றால் நம்பலாம். முருங்கைக் கிளை ஒடிவதுபோல மொட்டையாக ஒடிந்தால் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கட்டையை அடுப்புக்கு அனுப்புங்கள். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கலாம், அல்லது நடுத்தண்டை ஒட்டிய இளம் மரமாக இருக்கலாம்.

அடர்த்தி தெரிய தராசு தேவையில்லை. ஒரே பருமனுள்ள 30 செ.மீ. உலர்ந்த குச்சியை, அடி அடைத்த பி.வி.சி. குழாயில் தண்ணீர் நிரப்பிச் செங்குத்தாக மிதக்க விடுங்கள். 21 செ.மீ. மூழ்கினால் ஒப்படர்த்தி 0.7. அடர்த்தி குறையக் குறைய வில்லின் கையை அகலமாக்க வேண்டும்.

கல்மூங்கில்

முதல் வில்லுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். முள்மூங்கிலில் உள்ளே பொந்து. வறண்ட சரிவில் வளர்ந்த கல்மூங்கில் கிட்டத்தட்டக் கெட்டியாகவே இருக்கும். 4 முதல் 5 செ.மீ. விட்டமுள்ள கழியை இரண்டாகப் பிளந்தால் ஒரு பக்கம் வளைவும் மறுபக்கம் தட்டையுமாக இரண்டு வில்லுக்கான கட்டை கிடைத்துவிடும். தோல் பக்கம் புறம். அதில் உளி, அரம் எதுவும் படக்கூடாது. கணுவின் மேட்டைக்கூட மட்டப்படுத்த வேண்டாம். செதுக்குவதெல்லாம் அகத்தில்தான்.

வயது முக்கியம். மூன்று வருடத்துக்குக் குறைந்த கழி உலரும்போது சுருங்கி நெளியும். மேல்தோலின் வெள்ளைத் துகள் போய், பாளை உதிர்ந்து, பாசித் திட்டுகள் தெரியும் கழியாகப் பாருங்கள். தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று கேட்க வேண்டும். பெரும்பாலும் மூங்கில் வில் கெடுவது முறிவதால் அல்ல, உளுத்துப்போவதால். கழிக்குள் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் பூச்சி வருகிறது. மார்கழி, தையில் வெட்டி, இரண்டு மூன்று வாரம் குளத்திலோ ஓடையிலோ மூழ்க வைத்துப் பிறகு நிழலில் உலர்த்தினால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். வெட்டும் நாளுக்குத் தேய்பிறை பார்ப்பவர்கள் பார்க்கட்டும்; குளத்தில் போடுவதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

நீளவாக்கில் மெல்லிய வெடிப்பு விழுந்தால் பயப்பட வேண்டாம், நூல் சுற்றி ஒட்டிவிடலாம். குறுக்கே கோடு தெரிந்தால் அந்த வில்லோடு கதை முடிந்தது.

பாக்கும் பனையும்

இந்தப் பகுதியில் எளிதாகக் கிடைப்பது பாக்குமரம்தான். காய்ப்பு நின்ற பழைய மரங்களை எப்படியும் வெட்டுவார்கள். அடியில் வேர் வீக்கத்தைத் தாண்டி, முதல் அரை மீட்டரைக் கழித்துவிட்டு, அதற்கு மேலே 2 மீட்டர் துண்டை எடுங்கள். உயரம் போகப் போக நார்க்கட்டுகள் விலகி மரம் மென்மையாகும், ஆகவே நுனித் துண்டு பயன்படாது. ஆப்பு வைத்து ஆறாகப் பிளந்தால் பத்தைகள் நேராகவே வரும். வெட்டுமுகத்தில் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் பகுதிதான் வைரம். கட்டைவிரல் நகம் இறங்குகிற இடத்தை எல்லாம் உளியால் எடுத்துவிட வேண்டும்.

பாக்கில் புறம் அருமையாக இழுபடும்; அகம்தான் ஏமாற்றும். ஒரே பத்தையில் வில் செய்தால் மென்மையான உள்பக்கம் அகமாக வருகிறது, நூறு அம்பு எய்வதற்குள் கூன் விழுகிறது. பாக்கு வில்லுக்கு ஆகாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படிச் செய்து பார்த்தவர்கள்தான். சரியான வழி, இரண்டு பத்தைகளின் உள்முகங்களை மட்டமாக இழைத்து ஒன்றோடொன்று ஒட்டுவது. அப்போது வில்லின் புறம், அகம் இரண்டிலும் பாக்கின் வெளிவைரம் வரும். மென்மையான பகுதி, சுமையே இல்லாத நடுவில் போய் உட்காரும். ஒவ்வொரு பத்தையும் 7 முதல் 8 மி.மீ., ஒட்டியபின் அகலம் 3.5 செ.மீ.

இதில் ஒட்டு தவறினால் எல்லாம் தவறும். நடுவில் இழுப்பும் நசுக்கும் இல்லை என்றாலும், இரண்டு பத்தைகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசை அங்கேதான் உச்சம். பெவிகால் இந்த இடத்துக்குப் போதாது. மெதுவாக இறுகும் வகை அரால்டைட்டை (எபாக்சிப் பசை) பயன்படுத்துங்கள். ஐந்து நிமிட வகை வேண்டாம். முகங்களை ஒட்டுமுன் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக அறுத்து இறுக்கிச் சுற்றி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். பசை இரு விளிம்பிலும் சீராகப் பிதுங்கினால்தான் உள்ளே காலியிடம் இல்லை என்று பொருள். அதே சமயம், பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு நெரிக்கவும் கூடாது.

பனை வைரம் பாக்கைவிடத் தடிமன், கறுப்பு, கனம். வில்லுப்பாட்டு வில்லுக்குப் பனைதானே போடுகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். அந்த வில் அதிர வேண்டும், ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 70 செ.மீ. இழுப்புக்கு வளைந்து திரும்ப வேண்டியதில்லை. எய்யும் வில்லில் பனையின் கனமே அதற்கு எதிரி. நுனி கனத்தால் அம்புக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கை வில்லின் கையே தின்றுவிடும். நுனியை 1 செ.மீ. அகலத்துக்குக் குறைத்தால் ஓரளவு சரியாகும். ஆனால் விளிம்பில் நார்க்கட்டு அறுபட்ட இடத்தில் சிம்பு எழும்பி உள்ளங்கையைக் கிழிக்கும். எல்லா விளிம்பையும் உருட்டி, புறத்தில் ஒரு படலம் பருத்தித் துணியைப் பசையோடு ஒட்டிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். ஆகவே ஒரு வில்லுக்காகப் பனையைச் சாய்க்கும் யோசனை வேண்டாம். பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் பனங்கைகள் (கூரைச் சட்டங்கள்) கிடைக்கும். பல வருடம் உலர்ந்தவை அவை. ஆணித் துளை இல்லாத 170 செ.மீ. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சடச்சி

ஒரே கட்டையில், ஒட்டு இல்லாத மர வில் வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் சடச்சிதான். உன்னு, தடசு என்றும் சொல்வார்கள்; மலையாளத்திலும் சடச்சியே. வடக்கே தாமன் என்பார்கள். காவுதடி, துடுப்பு, வண்டித்தண்டு, கருவிக் காம்பு என்று வளையவும் அதிரவும் வேண்டிய வேலைகளுக்கே அதைப் பயன்படுத்தினார்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் இலையைப் பாருங்கள். அடி இதய வடிவில், ஒரு பக்கம் சரிந்து, விளிம்பில் பல் இருக்கும். பூ சிறியது, மஞ்சள்; பழம் பட்டாணி அளவில் கறுப்பாகப் பழுக்கும். பட்டை நாராக உரியும்.

ஒப்படர்த்தி பெரும்பாலும் 0.7 அளவில் வரும். வெள்ளை வெளிறியும் வைரம் செம்பழுப்பாகவும் இருக்கும். வெள்ளையைச் செதுக்கி எறிய வேண்டாம். பட்டையை மட்டும் மழுங்கிய கத்தியால் உரித்துவிட்டு, அதற்கடியில் தெரியும் முகத்தை அப்படியே புறமாக வையுங்கள். நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக இருக்காது; ஒரே வளையத்தைப் பின்தொடர்ந்து செதுக்கும் வெளிநாட்டு முறை இங்கே வேலைக்காகாது. பட்டைக்கு அடியிலுள்ள முகத்தில் எந்த நாரும் அறுபட்டிருக்காது என்பதால் அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. கை நடுப்பக்கத்தில் 4 செ.மீ. அகலம், 15 மி.மீ. தடிமன், நுனியில் 1.2 செ.மீ., 10 மி.மீ. என்று தொடங்கி, வளைத்துப் பார்த்துப் பார்த்துக் குறைக்கலாம். தடிமனில் பத்தில் ஒரு பங்கு சீவினால் அந்த இடத்தின் விறைப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அவசரப்படும் உளி திரும்ப ஒட்ட முடியாததை எடுத்துவிடுகிறது.

குறை என்று பார்த்தால், கணுவில்லாத நேர்க்கட்டை கிடைப்பதும் சட்டமும்தான். காட்டிலிருந்து எடுப்பது குற்றம். கேரளத்தின் 1986 மரப் பாதுகாப்புச் சட்டம் தேக்கு, ஈட்டியோடு பெயர் சொல்லிக் குறிப்பிடும் மரங்களில் சடச்சியும் ஒன்று. மரக்கடையில் ரசீதோடு வாங்குங்கள். எல்லை தாண்டும்போது அந்தக் காகிதம் கையில் இருக்கட்டும்.

தேக்கும் மற்றவையும்

தேக்கில் நல்லது, வளையம் தெளிவாகத் தெரியும். நெளியாது, பூச்சி வராது. தச்சுப் பட்டறையில் துண்டு கிடைக்கும். ஆனால் இழுவிசையில் கொஞ்சம் மொடுக்கென்று போகும் மரம். தனியாகச் செய்தால் 180 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொடுக்க வேண்டும். புறத்தில் 3 மி.மீ. மூங்கில் பத்தையை, தோல் வெளியே இருக்கும்படி ஒட்டினால் அதே தேக்கு நல்ல வில்லாகிவிடும்.

மில்லில் அறுத்த பலகை வாங்கினால் ரேகை (நாரோட்டம்) எங்கே ஓரத்தில் வெளியேறுகிறது என்று பாருங்கள். 10 செ.மீ. நீளத்தில் 1 செ.மீ. சரிந்தாலே வலு ஏறக்குறைய 20 சதவீதம் குறையும்; 5 செ.மீ.க்கு 1 செ.மீ. என்றால் பாதிதான் மிஞ்சும்.

வேம்பு, புளி, பலா மூன்றிலும் எதிர்ரேகை: நார் அடுக்குக்கு அடுக்கு எதிரெதிராகச் சாயும். பிளந்தால் கிழிந்துதான் வரும், அந்தக் கிழிசலே பதில். கருவேலும் சீமைக்கருவேலும் கெட்டி, ஆனால் கோணல் இல்லாத ஒன்றரை மீட்டரைத் தேடியே காலம் போகும். சவுக்குக் கழி நேராகக் கிடைக்கும். முழுதாக உலர வைத்தால் நடுவரை வெடிக்கும். தென்னையில் வயதான மரத்தின் அடிப்பக்க வெளிவைரத்தைப் பாக்கைப்போல் இரண்டாக ஒட்டிப் பார்க்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் பாக்கு இருக்கும்போது அதற்கு அவசியமில்லை.

காற்றும் ஈரமும்

கணவாய் ஓரத்தில் இருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வீசும் காற்று கட்டையின் வாயை இரண்டே நாளில் உலர்த்தி வெடிக்க வைத்துவிடும். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் எனாமல் பெயின்டைத் தடிமனாகப் பூசி, காற்று நேராக அடிக்காத அறையில் வைக்க வேண்டும். ஆனி, ஆடியில் நிலைமை தலைகீழ். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது மரம் சுமார் 12 சதவீத ஈரத்தில் நிற்கும். காற்று 85ஐத் தாண்டினால் மரமும் 17, 18க்கு ஏறிவிடும். அந்த ஈரத்தில் வளைத்தால் எந்த மரமும் கூன் விழும். 6க்குக் கீழே இறங்கினால் முறியும். இலக்கு 9 முதல் 11.

அளப்பதற்கு, அதே கட்டையிலிருந்து சிறு துண்டை எடைபோட்டு, ஓவனில் 103 டிகிரியில் ஒரு நாள் வைத்து மீண்டும் எடைபோடுங்கள். 112 கிராம் 100 ஆனால் ஈரம் 12 சதவீதம். ஓவன் இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை கட்டையை எடைபோட்டு அதன்மேலேயே பென்சிலால் தேதியோடு எழுதி வாருங்கள். இரண்டு வாரம் எண் மாறவில்லை என்றால் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. முழுக் கட்டையாக உலர்த்துவதைவிட 5 செ.மீ. அகலம், 3 செ.மீ. தடிமனுக்கு முரட்டுவடிவில் செதுக்கி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் தயாராகும்.

தோட்டத்தில் பாக்கு சாய்கிறது என்றால் பாக்கு இரட்டைப் பத்தை. கையில் பசை வேலைப் பழக்கம் இல்லை என்றால் கல்மூங்கில். ரசீதோடு நேர்ச் சடச்சி கிடைத்து, ஒரு கட்டை வீணானாலும் பரவாயில்லை என்ற மனம் இருந்தால் சடச்சி. எதுவானாலும் தையில் வெட்டி, மாசிக்குள் முரட்டுவடிவம் எடுத்து, சித்திரையில் குச்சிச் சோதனையை முடித்து, வைகாசி மழைக்குமுன் இறுதி வடிவம் கொடுத்து, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஆடியில் செதுக்க உட்காராதீர்கள்.